குறையில்லாத கட்டடம்

இடைவேளை மணி அடித்ததும் பெல்சி பின்வாசலை நோக்கி நழுவினாள். போகிற போக்கில், யாராவது பார்க்கிறார்களா என்று இரண்டு தடவை திரும்பிப் பார்த்தாள். தூணுக்குப் பின்னால் நின்று இன்ஜினியர் ஞானசேகர் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெற்ற மகளை ஒளிந்து நின்று வேவு பார்க்கிற கேவலம் எந்தத் தகப்பனுக்கும் வரக் கூடாது.

அந்தத் தூணே அவர் வரைந்ததுதான். பல்கலைக்கழகத்தின் புதுக் கலைப்புலக் கட்டடம் மொத்தமும் அவர் கைவண்ணம்: நடுவில் செட்டிநாட்டு வீடுகளில் இருப்பதுபோல் வளவு என்கிற திறந்த முற்றம், சுற்றிலும் ஆத்தங்குடிக் கல் பதித்த தாழ்வாரம்.

விருதுக்காகப் பார்வையிட மெட்ராஸிலிருந்து மூன்று பேர் வந்திருந்தார்கள். "எங்கேயும் ஒரு குறை சொல்ல முடியலையே சார்!" என்றார் ஒருவர். அது ஞானசேகர் காதில் ஏறினால்தானே!

வாட்ச்மேன் மாயக்கண்ணன் நேற்றே காதைக் கடித்திருந்தான்.

"தெனம் இந்நேரத்துக்கு நம்ம பாப்பா பின்னால இருக்க கருவக்காட்டுக்குள்ள போகுதுய்யா. கூடப் போற பிள்ளை வெளிய காவலுக்கு நிக்குது. எனக்குச் சொல்லவே கூசுது."

வீட்டில் மனைவி சகாயம்மாளும் ஒரு வாரமாகப் புலம்பல். "குடுத்துவிட்ட தண்ணிப் பாட்டில் ஒரு மடக்குக்கூடக் குறையாமத் திரும்பி வருது. பிள்ளை மொகமே சரியில்ல. என்னன்னு கேக்க மாட்டீகளா?"

காதல் வந்தால் சோறு தண்ணீர் இறங்காது என்பது அவருக்குத் தெரியாதா என்ன!

வந்தவர்களிடம் ஒரு நிமிஷம் என்று சொல்லிவிட்டு ஓடிப் போய் மகளை மறித்தார். கூட வந்த தோழி ரோகிணி ஓரமாக ஒதுங்கினாள்.

"எவன்டி அங்க நிக்கிறான்?"

"ஐயோ, யாருமில்லப்பா! சத்தம் போடாதீக, எல்லாரும் பாக்குறாக."

"பாக்கட்டும்! நான் கட்டுன கட்டடத்துல வச்சே என் மானத்த வாங்குறியே! காட்டுக்குள்ள ஒனக்கு என்னடி வேலை?"

சத்தம் கேட்டு மெட்ராஸ்காரர்களும் பின்னாலேயே வந்து நின்றுவிட்டார்கள். பெல்சி தலையைக் குனிந்துகொண்டு, அழுகையை அடக்கிச் சொன்னாள்:

"நீங்க கட்டுன கட்டடத்துல பொம்பளப் பிள்ளைகளுக்குப் பாத்ரூமே இல்லையேப்பா."