தொண்டையில் உப்பு

“குழாயைப் போட்டு விடுங்கோ டொக்டர். வெட்கங்கெட்ட கண்! சபை சந்தியில தலை காட்டேலாமல் கிடக்கு.”

முத்தையன்கட்டுக் கமக்காரர் அப்புத்துரை சால்வையால் இரண்டு கண்களையும் ஒற்றினார். கண்ணீர் வடியும் வழி அடைபட்டால் மெல்லிய குழாய் வைத்துத் திறப்பார்கள் என்று யாரோ சொல்ல, விடியற்காலை சி.ரீ.பி. பஸ்ஸில் வவுனியா ஆசுபத்திரிக்கு வந்திருந்தார்.

“எப்ப தொடங்கினது?”

“சித்திரையில டொக்டர்,” என்றாள் மனைவி கமலாசனி. “எங்கட விமலா போன...”

“வாயைப் பொத்தும்! அவளைத் தலைமுழுகியாச்சு. அவளுக்காக ஒரு சொட்டுக் கண்ணீர் என்ர வளவில விழப்படாது எண்டனானெல்லே?”

மகள் விமலேஸ்வரி, அவர் வயலில் கூலிக்கு நின்ற சுடலைமுத்துவின் மகனோடு போய்விட்டாள். அன்றே அவர் குளத்தில் முழுகி எழுந்து உறவை அறுத்துவிட்டார். ஊர் பார்க்கத்தான் முழுகினார்.

“மனுசிக்குக் கண் சிவந்தால் அடுப்புப் புகை. எனக்கென்ன கேடு, டொக்டர்?”

டொக்டர் அவரைப் படுக்கவைத்து, கண்முனைத் துவாரத்தில் உப்புத்தண்ணீரை மெல்லச் செலுத்தினார். “வழி திறந்திருந்தால் தொண்டைக்கு வரும். உப்புக் கரிக்குதோ?”

அப்புத்துரை மனைவியை ஒருதரம் பார்த்தார். “இல்லை.”

டொக்டர் கமலாசனியை வெளியே இருக்கச் சொன்னார்.

“ஐயா, நீங்கள் விழுங்கினதைக் கண்டனான். ஒரு அடைப்புமில்லை.”

அப்புத்துரைக்குத் தலை தொங்கிப்போயிற்று. அத்தனை பெரிய மனிதர், களவில் பிடிபட்டவர்போலக் கூசினார்.

“பிள்ளை விட்டிட்டுப் போன சைக்கிளைக் கண்டாலே முட்டிக்கொண்டு வருது, டொக்டர். அழக்கூடாதெண்டு சட்டம் போட்டவன் நானெல்லோ! எந்த முகத்தோட மனுசிக்குச் சொல்லுவன்? அடைப்பெண்டே இருக்கட்டும்.”

அவர் வெளியே வர, மர வாங்கிலில் இருந்த கமலாசனி எழுந்தாள். “என்னவாம்?”

“அடைப்புத்தானாம்.” அவர் நிலத்தைப் பார்த்தார். “குழாய் போட்டாலும் சரிவராதாம். ஓடிக்கொண்டுதான் இருக்குமாம்.”

அவள் சேலைத் தலைப்பால் அவர் கன்னத்தைத் துடைத்துவிட்டாள்.

“அப்ப எனக்கும் அந்த அடைப்புத்தானெண்டு டொக்டரை ஒருக்காச் சொல்லச் சொல்லுங்கோ. புகைக்குள்ள இருந்து அழுதழுது களைச்சுப்போனன்.”