இன்எஃபிஷியன்சிக்கு மருந்து

“இன்எஃபிஷியன்சிக்கு நல்ல டானிக்கா ஒண்ணு குடுங்க.”

மருந்துக்கடைக்காரர் மூக்குக்கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு இஸ்திரிக்காரம்மாவை மேலும் கீழும் பார்த்தார்.

அவள் விளையாடவில்லை. சட்டைக் கம்பெனி சூப்பர்வைசர் இன்று எல்லோர் முன்னாலும் சொல்லிவிட்டார். அவளுக்கு அது அளவுக்கு மீறி இருக்கிறதாம். திங்கட்கிழமைக்குள் சரியாகாவிட்டால் வேலைக்கு வர வேண்டாமாம்.

எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்பதுதான் அவளுக்கு விளங்கவே இல்லை. கழுத்தில் கடிகாரம் தொங்க ஒருத்தன் வந்து மேசையோரம் நின்றான். நாடி பார்க்கத்தான் வந்திருக்கிறான் என்று கையை நீட்டினாள். அவன் தொடக்கூட இல்லை.

போன வருஷம் மாமியாருக்கு டெஃபிஷியன்சி என்றார்கள். இரண்டே பாட்டிலில் ஆள் தேறி, பழையபடி சண்டைக்கு வந்துவிட்டாள். இதுவும் அதற்குப் பங்காளியாகத்தான் இருக்க வேண்டும்.

“அது வியாதி இல்லம்மா. ஒரு நாள்ல முடிக்க வேண்டியதுல பாதிகூட முடிக்கலைன்னு அர்த்தம். வேலையில மந்தம்.”

மந்தமா?

அவளுக்குத் தலை சுற்றியது. கோபமும் வந்தது. கம்பெனி ஹாலே கண் வைக்கிற கை இது. மலையாகக் குவிகிற சட்டைகளை மத்தியானத்துக்குள் ஒரு கை பார்த்துவிடுவாள். அத்தனையும் எங்கே போய்த் தொலைந்தன?

பிறகுதான் உறைத்தது.

மடித்ததில் பாதியை, யாரும் பார்க்காத நேரத்தில், பக்கத்து மேசைக்குத் தள்ளிவிடுவது அவளேதான். அங்கே கூடுவதை எண்ணுவார்கள் என்று தெரியும். இங்கே குறைவதையும் எண்ணுவார்கள் என்று தோன்றியதே இல்லை.

நேற்று அந்த மேசைக்காரிக்குத்தான் எல்லோரும் கைதட்டினார்கள்.

ஆபீஸில் போய் எடுத்துச் சொல்லும்மா, ஏதோ தப்பு நடந்திருக்கும் என்றார் கடைக்காரர்.

எதைச் சொல்வது? சொன்னால் இவள் வேலை தப்பும், அவள் வேலை போகும். சொல்லாவிட்டால் இவள் வேலை போகும், பிறகு அவளுக்கு யார் தள்ளிவிடுவார்கள்? எந்தப் பக்கம் யோசித்தாலும் முட்டிக்கொண்டு நின்றது.

ஒன்றும் வாங்காமல் வெளியே வந்தாள்.

படியில் பக்கத்து மேசைக்காரி உட்கார்ந்து காத்திருந்தாள், கட்டுப் போட்ட மணிக்கட்டைக் கைப்பைக்குள் ஒளித்தபடி.

“மருந்து இருக்காமா, அக்கா?”

“வேணாம்னுட்டாரு. தானா சரியாயிடுமாம்” என்று சொல்லி, கூடப்பிறந்தவளை நல்ல கையைப் பிடித்து எழுப்பிவிட்டாள்.