மூன்றாம் இலை

“நேத்தே பிடுங்கச் சொன்னேனா இல்லையா?” பக்கத்து வீட்டுச் சிவராசுவின் கத்தல் எங்கள் அடுக்களை வரை கேட்டது.

“வெள்ளிக்கிழமை யாராச்சும் பச்சைச் செடியைப் பிடுங்குவாங்களா? அவ்வளவு அவசரம்னா நீங்க பிடுங்கியிருக்கலாமுங்களே!” என்றாள் அவர் மனைவி கனகா.

சனிக்கிழமை விடிந்தபோது, அவர்கள் சமையலறைச் சுவரில் முளைத்திருந்த ஆல் இனத்துக் கல் இச்சிக் கன்று மூன்றாவது இலை விட்டிருந்தது. மூன்று இலை வந்துவிட்டால் மரமும் சட்டப்படி அந்த வீட்டுக்கு இன்னொரு வீட்டுக்காரர்தான். வெட்டினால் சிறை. வால்பாறையில் குழந்தைக்கும் தெரியும்.

ஆறு வருடத்தில் வேர் அடுப்பங்கரையைப் பிடித்தது, பிறகு படுக்கையறையை. தினமும் அதே சண்டை. கேட்டுக் கேட்டு எங்களுக்கே அலுத்துவிட்டது.

கடைசியில் கனகா பொள்ளாச்சியில் இருக்கும் தங்கை வீட்டுக்கே போய்விட்டாள். இலை விட்ட வீட்டுக்காரரைத் தனியே விட்டுப்போவதும் குற்றமாம். அதனால் சிவராசு கூடத்தில் பாய் விரித்துப் படுத்திருக்கிறார்.