மேசை எங்கிருந்து வந்தது?

மாமனாரும் மாமியாரும் அகராதி தொகுப்பவர்கள். முதன்முறையாக விருந்துக்கு வந்த புது மருமகன், மனைவி சொல்லிக்கொடுத்தபடி பேச்சைத் தொடங்கினான்.

“மாமா, மேசைங்கிறது எந்த மொழிச் சொல்?”

“பாரசீகம். அங்கே ‘மேஜ்’.”

“தப்பு!” அடுக்களையிலிருந்து பாய்ந்து வந்தார் மாமியார். “போர்ச்சுகீசியம். ‘மேசா’. ஸ்பானிஷ்ல தட்டையான மலைக்கும் அதே பேர்தான், தெரியுமா?”

“அப்ப மலை மேலயா எனக்குச் சோறு போடுறே?”

“உங்க மண்டையில போடணும்!”

வந்த அன்றே குடும்பத்தைக் கலைத்துவிட்டோமே! மருமகன் அடுக்களையில் இருந்த மனைவியிடம் ஓடினான்.

“நீ சொன்னதைத்தான் கேட்டேன். ரெண்டு பேரும் சண்டை போடறாங்க!”

மனைவி துள்ளிக் குதித்தாள்.

“நிஜமாவா! நம்ம கல்யாணத்திலிருந்து ரெண்டு பேருக்கும் நடுவில பேச்சே இல்லைங்க. நாளைக்கு ‘அலமாரி’யை எடுத்து விடுங்க!”