உருவாக்கியவர்

"என் பேரை அழிச்சுட்டு, அந்த இடத்துல தன் பேரைப் போட்டுக்கிட்டிருக்காரு அந்த மனுஷன். இதுக்குப் பேர் திருட்டு இல்லாம வேற என்ன?"

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து மேஜைக்காரர்கள் ஹெட்போனைக் கழற்றிவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள்.

"மெதுவாப் பேசுடி" என்றாள் பக்கத்து சீட் தோழி.

"எதுக்கு மெதுவா? நீயே பாரு!"

திரையில் 'இந்தச் செயலி பற்றி' என்பதைத் தட்டினாள். சின்னதாக ஒரு சன்னல் திறந்தது. 'உருவாக்கியவர்' என்ற சொல்லுக்குக் கீழே வெள்ளிக்கிழமை வரை அவள் பெயர் இருந்தது. இன்று திங்கட்கிழமை. அங்கே பிரிவுத் தலைவரின் பெயர் இருந்தது.

அவருக்கு ஆபீஸ் வைத்த பெயர் பட்டாசு. வாயைத் திறந்தால் வெடிதான்.

"ஒருவேளை தெரியாம..."

"யார் மாத்தினதுன்னு கம்ப்யூட்டர் பதிவுல பாத்தேன். சனிக்கிழமை ஆபீஸுக்கு வந்து அவரேதான் மாத்தியிருக்காரு. மறைக்கணும்னுகூடத் தோணலை!"

குழந்தை பிறந்து வருடக்கணக்கில் வீட்டோடு இருந்துவிட்டு, மறுபடி வேலைக்கு வந்தவள் அவள். வேலை இன்னும் நிரந்தரமாகவில்லை. ஒரு மருத்துவமனையின் ரத்தப் பரிசோதனைக் கூடத்துக்காக அவள் செய்த முதல் செயலி இது. நோயாளியின் பெயரைத் தேர்ந்தெடுத்து பட்டனை அழுத்தினால், ரத்தக் குழாயில் ஒட்ட வேண்டிய லேபிள் அச்சாகி வரும். அங்கே இருந்ததெல்லாம் அரதப் பழசான கம்ப்யூட்டர்கள். அவற்றில் லினக்ஸைப் போட்டு, பைத்தான் என்ற கணினி மொழியில் ஒவ்வொரு வரியாக எழுதி, ஒவ்வொரு பட்டனையும் பார்த்துப் பார்த்து வைத்தாள். "என்னம்மா, உன் மலைப்பாம்பு குட்டி போட்டுச்சா?" என்று தினமும் கிண்டலடித்த மாமியார்கூட, திரையில் மருமகள் பெயரைப் பார்த்ததும் மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்து இன்னொரு தடவை படித்தார்.

அந்தப் பெயர்தான் இப்போது இல்லை.

விடுவிடுவென்று பட்டாசின் அறைக்குப் போனாள். காலி.

"சார் மேல மீட்டிங்ல இருக்காரு. ஆஸ்பத்திரியிலேர்ந்து பெரிய டாக்டரே வந்திருக்காங்க" என்றார் வரவேற்பில் இருந்தவர்.

"ஓஹோ! பாராட்டு விழாவா? நடக்கட்டும், நடக்கட்டும்!"

படிகளில் தடதடவென்று ஏறினாள். கதவைத் தட்டக்கூட இல்லை. திறந்துகொண்டு உள்ளே போனாள்.

மேஜையின் ஒரு பக்கம் நிர்வாக இயக்குநரும் ஒரு டாக்டரம்மாவும். எதிரே பட்டாசு நின்றுகொண்டிருந்தார்.

"மன்னிக்கணும். அந்த லேபிள் செயலியை எழுதினது இவர் இல்ல. நான்..."

"கலர் அடிச்சது நீ!" பட்டாசு வெடித்தார். "ரெண்டு படம் வரைஞ்சு கொடுத்துட்டா எழுதினதா ஆயிடுமா? எழுதினது முழுக்க நான். வெளியே போ!"

"சார், எப்படி உங்களுக்கு மனசு..."

"ஒரு நிமிஷம்" என்றார் டாக்டரம்மா. "அப்போ அந்த பிரிண்ட் பட்டன்..."

"அதுவும் நான்தான் டாக்டர்! இந்தப் பொண்ணுக்கு அதைப் பத்தி ஒண்ணும் தெரியாது. வெளியே போன்னு சொன்னேன்ல!"

அவமானத்தில் முகம் பற்றி எரிந்தது. வெளியே வந்து பெஞ்சில் தொப்பென்று உட்கார்ந்தாள். கண்ணீர் முட்டியது. இன்றைக்கே ராஜினாமா. அதற்கு முன்னால் இந்த ஆளின் முகத்திரையை ஊர் பார்க்கக் கிழிக்க வேண்டும்.

பெஞ்சின் மறுகோடியில் பரிசோதனைக் கூடத்துச் சீருடையில் ஒருவர் கூனிக் குறுகி உட்கார்ந்திருந்தார்.

"விசாரணை முடிஞ்சிடுச்சாம்மா?"

"என்ன விசாரணை?"

"உங்களுக்குத் தெரியாதா? வெள்ளிக்கிழமை பெரிய தப்பு நடந்துபோச்சு. கூடத்துல ஒரே கூட்டம். பிரிண்ட் பட்டனை அழுத்தினேன், கம்ப்யூட்டர் அப்படியே உறைஞ்சு நின்னுடுச்சு. வேலை செய்யலைன்னு நெனச்சு மறுபடி அழுத்திட்டேன். ஒரே ஆள் பேர்ல ரெண்டு லேபிள் வந்திருக்கு. அவசரத்துல கவனிக்காம, ரெண்டாவதை அடுத்த ஆளோட குழாயில ஒட்டிட்டேன்."

பிரிண்டர் பதில் சொல்லும்வரை சன்னல் உறைந்து நிற்கும். அந்த நேரத்தில் எத்தனை முறை அழுத்தினாலும் அத்தனையும் கணக்கில் சேரும். அதைத் தடுக்க அவள் எதையுமே எழுதவில்லை.

"அப்புறம்?"

"ரத்த வகை மாறிப்போய் ஒரு அம்மாவுக்கு வேற வகை ரத்தம் ஏத்திட்டாங்க. உடம்பு தூக்கித் தூக்கிப் போட்டிருக்கு. நர்ஸ் பாத்து உடனே நிறுத்தினதால உயிர் தப்பிச்சாங்க. எழுதினவங்களை வேலையை விட்டு அனுப்பியே ஆகணும்னு டாக்டரம்மா அன்னைக்கு ராத்திரியே உங்க சாருக்கு போன் பண்ணினாங்க. என் மேல தப்பே இல்ல, எல்லாம் செயலியோட தப்புன்னு உள்ள அவர்தான் எனக்காகப் பேசினாரு. பாவம், நல்ல மனுஷன்."

கதவு திறந்தது. பட்டாசு வெளியே வந்தார். கழுத்தில் எப்போதும் தொங்கும் அடையாள அட்டையைக் காணோம்.

அவள் எழுந்தாள். "சார்... நான் உள்ள போய் உண்மையைச் சொல்லிடறேன்."

"உனக்கு வாய் அடங்கவே அடங்காதா? நீ எழுதினதைப் பாத்துட்டு சரின்னு சொன்னது நான்தானே? எனக்கு வேற எங்கேயாவது வேலை கிடைக்கும். வந்து சேர்ந்ததுமே துரத்தி விட்டாங்கன்னா உன்னை எவன் எடுப்பான்?"



படியிறங்கப் போனவர், நின்று குரலைத் தணித்தார்.

"போய் முதல்ல அந்த பட்டனைச் சரிபண்ணு. ஒரு தடவை அழுத்தினா, வேலை முடியற வரைக்கும் மறுபடி அழுத்த முடியாதபடி இருக்கணும். ஆனா ஒண்ணு, கோபத்துல என் பேரை எடுத்துட்டு உன் பேரைப் போட்டு வெச்சுடாதே."