இரண்டாவது கன்ட்ரோலர்

டிவியில் கார் பந்தய வீடியோ கேம் ஆட மாசிலாமணி சோபாவில் சாய்ந்ததுமே, பேசும் டிவி பெட்டி தடுத்தது. "இரண்டு கன்ட்ரோலர் தேவை. இரண்டாவது, வீட்டில் இன்னொருவர் கையில் இருக்க வேண்டும்."

இன்னொருவர் என்றால் மனைவி திலகவதிதான். காலையில், "எங்க அக்கா சாம்பார் மாதிரி வரலையே" என்று அவன் வாயை விட்டதிலிருந்து அவள் முகம் கொடுத்துப் பேசவில்லை. போய்க் கெஞ்ச அவனுக்கு மனம் வரவில்லை. தட்டில் வெதுவெதுப்பாக இருந்த இரண்டு இட்லிக்கு நடுவே கன்ட்ரோலரைச் செருகிவைத்தான்.

"கையில் சூடு இருக்கிறது, நாடித்துடிப்பு இல்லை. ஆம்புலன்ஸை அழைத்துவிட்டேன்" என்றது பெட்டி.

சமையலறையிலிருந்து எட்டிப்பார்த்த திலகவதி, இட்லியையும் அவனையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"மன்னிப்பை இப்பவே கேட்டுடுங்க. ஆம்புலன்ஸ்காரங்க வந்தப்புறம் கேட்டா உங்களுக்குத்தான் கூச்சமா இருக்கும்."