கூடவா, குறைச்சலா?

காற்றில் கலந்திருக்கும் கல் தூசியை அளந்து போன பெண் அதிகாரி, முடிவைச் சொல்ல மறுபடியும் அந்தக் கட்டடத்துக்கு வந்தபோது, மேஸ்திரி வாசலிலேயே மறித்துக்கொண்டார். அளக்க வந்த அன்றைக்குக் கல் வெட்டும் ஆளின் காலரில் அவள் கருவியை மாட்டியபோதும் நிழல் மாதிரி பின்னாலேயே சுற்றியவர்தான்.

"ரிசல்ட் என்ன மேடம்? கூடவா, குறைச்சலா?"

"முதலாளிகிட்டதான் சொல்லணும்."

"எங்கிட்ட முதல்ல சொல்லுங்க."

அறைக்குள் கூட்டிப் போய்க் கதவைச் சாத்தினார். வேறொரு இடத்தில் இப்படிக் கதவைச் சாத்தியவர்கள் அவளை மிரட்டித்தான் அனுப்பினார்கள்.

"என்ன ஆனாலும் மாத்தி எழுத மாட்டேன்" என்றாள். "இருக்க வேண்டியதைவிட மூணு மடங்கு தூசி. வேலையை நிறுத்தியே ஆகணும்."

மேஸ்திரி நாற்காலியில் அப்படியே சரிந்தார்.

"அப்பாடா! மாத்திடாதீங்க மேடம், நல்லா இருப்பீங்க. தண்ணி பீச்சி வெட்டற மெஷின் வாங்கித் தாங்கன்னு கேட்டுக் கேட்டு எனக்கு வாய் வலிச்சதுதான் மிச்சம். தூசியால யாருய்யா செத்தான்னு சிரிக்கிறாரு முதலாளி."

அவள் ஆச்சரியத்தோடு பார்த்தாள். "வேலை செய்யறவங்கமேல இவ்வளவு அக்கறையா?"

மேஸ்திரி கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"ராத்திரியெல்லாம் அந்த இருமலைக் கேட்டுக்கிட்டு நான்தானே பக்கத்துல படுத்திருக்கேன்? கல்லு வெட்டறது என் சம்சாரம், மேடம்."